பூட்டை நாம்தான் போட்டிருக்கிறோம்



பார்வையற்ற ஒரு மாணவி தன் வரலாற்றுப் பாடத்தைத் தானே படிக்க விரும்புகிறாள். தடுப்பது யார்? கருவி இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் செட்டிங்ஸில் ‘அணுகல்தன்மை’ என்றொரு பகுதி இருக்கும். அங்கே இருக்கிறது டாக்பேக். விரல் பட்ட இடத்தில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லும். ஐபோனில் அதன் பெயர் வாய்ஸ்ஓவர். இரண்டும் 2009-லேயே வந்துவிட்டன; தனிக் கட்டணமும் கிடையாது. எழுத்துகள் குழம்பும் பிள்ளைக்குத் தொட்ட பத்தியை மட்டும் படித்துக்காட்டும் வசதி உண்டு. பேனா பிடிக்க முடியாத பிள்ளை சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதும் விசைப்பலகை உண்டு. காது கேளாத பிள்ளைக்கு, ஆசிரியரின் பேச்சை அப்போதைக்கப்போது எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் உண்டு.

இவ்வளவும் நம் சட்டைப்பையில் இருக்க, பிள்ளை ஏன் இன்னும் பக்கத்து மாணவியின் தயவுக்குக் காத்திருக்கிறாள்?

நாம் கொடுக்கும் கோப்புகளைப் பாருங்கள்! பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கி வாட்ஸாப்பில் அனுப்புகிறோம். கண்ணுக்கு அது தமிழ். கருவிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். அதைத்தான் அது உளறுகிறது. வினாத்தாளைப் புகைப்படம் எடுத்து அனுப்பினாலோ, பல நேரம் ‘படம்’ என்று சொல்லி நின்றுவிடும். வரைபடத்துக்கு இரண்டு வரி விளக்கம் எழுத நமக்கு நேரமில்லை. கருவிக்கும் தமிழாகவே புரியும் யூனிகோடில் அடித்தால் தீர்ந்துபோகும் இந்தக் கொடுமையை, பிள்ளையின் குறைபாடு என்று எழுதி வைக்கிறோம். இது அநியாயம்!

‘கைப்பேசி கொடுத்தால் விளையாடுவான்’ என்கிறார்கள். ஒரே செயலிக்குள் திரையைப் பூட்டி வைக்கும் வசதி ஆண்ட்ராய்டிலும் உண்டு, ஐபோனிலும் உண்டு. கண்ணாடி போட்ட பிள்ளையிடம் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டுக் கரும்பலகையைப் படி என்போமா?

கைப்பேசியே எல்லாம் செய்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கூச்சல் மிகுந்த வகுப்பில் லைவ் டிரான்ஸ்கிரைப் தப்பும் தவறுமாக எழுதும். சைகை மொழி தெரிந்த ஆசிரியர் வேண்டும். றகர ரகர வேறுபாட்டைக் காதால் மட்டும் கற்க முடியாது, பிரெயில் வேண்டும். கருவி வந்துவிட்டது என்று சொல்லி சிறப்பாசிரியர் பணியிடத்தில் எவராவது கைவைத்தால், முதல் எதிர்ப்புக் குரல் இந்த மேடையிலிருந்து எழும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. கற்றல் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்கச் சொல்கிறது. சட்டம் குறிப்பிடும் அளவுக்குக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை நூல்களையும் உதவிக் கருவிகளையும் இலவசமாகத் தரச் சொல்கிறது.  இது சலுகை அல்ல, உரிமை.

ஆகவே கேட்கிறோம். பாடநூலும் வினாத்தாளும் யூனிகோடில், பட விளக்கத்தோடு வரட்டும். தேவைப்படும் பிள்ளை வகுப்பில் கைப்பேசியை வைத்துக்கொள்ள எழுத்துமூலம் அனுமதி கொடுங்கள். ஆசிரியர் பயிற்சியில் டாக்பேக்கைக் கற்றுக்கொடுங்கள். பெற்றோர்களே, நாளைக்கே தலைமையாசிரியரைப் பார்த்து மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்!