கட்டிலைத் தேடி வரும் ஆஸ்பத்திரி

அசந்து தூங்குகிற நோயாளியைத் தட்டி எழுப்பித் தூக்க மாத்திரை கொடுக்கிற இடம் ஆஸ்பத்திரி என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். வயதானவர்களுக்கு இது வேடிக்கை இல்லை. புது இடம், ராத்திரியெல்லாம் விளக்கு, தூக்கம் கெடுகிறது. காய்ச்சலோடு போனவர், இரண்டாம் நாள் பெற்ற மகனையே "யாருப்பா நீ?" என்று கேட்பதும் உண்டு.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1990களில் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். நிமோனியா, இதயச் செயலிழப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய முதியவர்களுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன், ரத்தக்குழாய் வழியாக மருந்து. டாக்டரும் நர்ஸும்தான் வாசல் ஏறினார்கள். 2005இல் வெளிவந்த ஆய்வில் அந்த மனக்குழப்பம் குறைந்திருந்தது, செலவும்தான்.

கொரோனாவில் கட்டில்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. 2020 நவம்பரில் அந்நாட்டு அரசுக் காப்பீடான மெடிகேர் இந்த வீட்டு ஆஸ்பத்திரி முறைக்கு வழிவிட்டது. தினம் இரண்டு முறையாவது நேரில் வந்து பார்க்க வேண்டும், அவசரமென்றால் 30 நிமிடத்துக்குள் ஆள் வர வேண்டும் என்பது நிபந்தனை.

கூட இருந்து கவனிக்கிற மருமகளின் உழைப்பு மட்டும் எந்த பில்லிலும் ஏறாது. அது வேறு கதை. ஊசி போட ஒருவரை அனுப்பிவிட்டு, அதையே வீட்டு ஆஸ்பத்திரி என்று யாராவது சொன்னால், நடு ராத்திரியில் கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் வருவீர்கள் என்று முதலில் கேளுங்கள்.