வீட்டுக்கு ஒரு பூனைக்குட்டி



சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பாடசாலையின் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு சப்பாத்துப் பெட்டியை மார்போடு அணைத்தபடி என் அறைக்கு வந்தான். உள்ளே, அப்போதுதான் கண் திறந்த ஒரு பூனைக்குட்டி இருந்தது. வேலியோரத்தில் அநாதையாய்க் கிடந்தது என்றான். மறுநாட் காலைக் கூட்டத்தில் அவன் இரக்கத்தை நான் பாராட்டிப் பேசினேன். வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்துத் தூக்கினார்கள். வீட்டார் பசுப்பால் பருக்கினார்கள். மூன்றாம் நாள் குட்டி இறந்துவிட்டது. முதல்நாள் மாலையில் ஒரு தாய்ப்பூனை அந்த வேலியோரம் கத்திக்கொண்டு திரிந்ததை நான் கண்டிருந்தேன். கண்டும் பொருள் உணரவில்லை. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பார்கள். அன்று விளையாட்டு எங்களுடையது, சீவன் பூனையினுடையது.

ஆகவே, பூனைக்குட்டியைத் தெரிந்தெடுப்பது பற்றிப் பேசும்போது, நிறத்துக்கும் அழகுக்கும் முன்னர் வயதைப் பற்றியே கூற விரும்புகின்றேன். வெருகின் இளமைக்குக் குட்டி என்னும் பெயர் உரியதெனத் தொல்காப்பிய மரபியல் கூறும். அந்த ஒரு சொல்லுள்ளே பல பருவங்கள் அடங்கியுள்ளன. குட்டி கண் மூடியபடியே பிறக்கிறது. 7 முதல் 14 நாட்களுக்குள் கண் திறக்கிறது. மூன்றாம் கிழமையளவிற் பாற்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. எட்டுக் கிழமையாகும் வரையேனும் அது தாயுடன் இருத்தல் வேண்டும். பன்னிரண்டு கிழமை இருப்பின் மிகவும் நன்று. கடிக்கும் அளவையும் கீறும் அளவையும் அது தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமுமே கற்கின்றது. கண்மணியைச் சூழ்ந்த நிறம் இன்னும் முழு நீலமாயிருந்தால், அக்குட்டி பெரும்பாலும் மிக இளையது என்று கொள்ளலாம்.

வேலியோரத்தில் தனித்த குட்டியைக் கண்டால் உடனே எடுத்துவிடாதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கலாம். குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவ்வி இடம் மாற்றிக்கொண்டும் இருக்கலாம். எட்டி நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் வராவிடின் மிருக வைத்தியரை நாடுங்கள். பசுப்பால் அதற்கு ஏற்ற உணவன்று, வயிற்றோட்டத்தை உண்டாக்கக்கூடும்.

வயது சரியாயின் உடல்நிலையைப் பாருங்கள். கண்ணிற் பீளையும் மூக்கில் நீரும் இருத்தல் ஆகாது. காதினுள் கோப்பித்தூள் போன்ற கரிய அழுக்கு இருப்பின், அது காதுச் சிற்றுண்ணியின் அறிகுறியாகலாம். உடல் மெலிந்து வயிறு மட்டும் ஊதியிருந்தால் குடற்புழு இருக்கக்கூடும். உரோமத்திலிருந்து உதிரும் கருந்துகளை ஈரமான வெள்ளைக் கடதாசியில் இடுங்கள். அது செந்நிறமாய்க் கரையுமாயின் தெள்ளு உண்டென்று அறியலாம். இவை பெரும்பாலும் வைத்தியத்தால் தீர்பவையே. வெண்ணிறமும் நீலக் கண்ணும் உடைய குட்டியாயின், பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். அத்தகையவற்றுட் பல செவிடாயிருப்பதுண்டு.

அடுத்தது குணம். நிலத்தில் அமைதியாக அமருங்கள். தானே நெருங்கி வரும் குட்டியும், அஞ்சி ஓடினாலும் மீண்டும் எட்டிப் பார்க்கும் குட்டியும் சிறுவர் உள்ள வீட்டுக்கு ஏற்றவை. இரண்டாம் கிழமை முதல் ஏழாம் கிழமை வரை மனிதர் கைபட்டு வளர்ந்த குட்டி எளிதிற் பழகும். மூலையில் ஒடுங்குவதும் கெட்டதன்று. அதற்குப் பொறுமையுள்ள வீடு வேண்டும்.

கடுவனா பெட்டையா என்று கேட்பார்கள். பெட்டைக்குட்டி நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். பின்னர் பிறக்கும் குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியில் விட்டுவரும் கொடுமையை நாம் அறிவோம். மிருக வைத்தியரைக் கொண்டு உரிய காலத்திற் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தால் அக்கொடுமைக்கு இடமிராது. விசர்நோய் நாயினால் மட்டும் பரவுவதன்று. பூனைக்கும் தடுப்பூசி அவசியம். பூனை கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பூனை 15 ஆண்டும் அதற்கு மேலும் வாழக்கூடியது. இன்று ஐந்தாம் வகுப்பிற் படிக்கும் பிள்ளை தொழில் பார்க்கும் காலத்திலும் அது அவ்வீட்டில் இருக்கலாம். இதை எண்ணிப் பார்த்தே கூடையை எடுக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு அதே மாணவன் மீண்டும் என் அறைக்கு வந்தான். கையிற் பெட்டி இல்லை. “அயல்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது, ஐயா. எட்டுக் கிழமை முடியட்டும் என்று காத்திருக்கிறேன்” என்றான். நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக வெட்டி வருவதாகவும் சொன்னான். காலைக் கூட்டத்தில் நான் மறுபடியும் அவனைப் பற்றிப் பேசினேன். இம்முறை நான் பாராட்டியது அவனுடைய காத்திருப்பை.