பரணில் என்ன இருக்கிறது?

 

இன்றைய பேச்சு வீட்டைப் பற்றியது. வீட்டில் சேர்ந்துபோன பழைய சாமான்களைப் பற்றியது.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். இரண்டே அறை. ஒரு சமையலறை. அந்த வீட்டுப் பரணில் என்ன இருக்கும்? கம்பி ஒடிந்த குடை இருக்கும். ஓட்டை விழுந்த அண்டா இருக்கும். ஓடாத மின்விசிறி இருக்கும். மூத்த மகன் மூன்றாம் வகுப்பில் படித்த புத்தகம் இருக்கும். கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி. அதற்குள் காகிதங்கள். கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்கும். அந்தப் பைக்குள் என்ன? நூறு பிளாஸ்டிக் பைகள்!

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். பணம் உள்ளவர் ஒன்று கெட்டால் வேறொன்று வாங்குவார். இல்லாதவர் வீட்டில்தான் ஒடிந்த குடையும் பத்திரமாக இருக்கும். 'என்றைக்காவது உதவும்' என்று எடுத்து வைக்கிறார்கள். அந்த எண்ணம் தவறல்ல. ஆனால் அந்த 'என்றைக்காவது' வருவதற்கு முன்பே எலி வந்துவிடுகிறது. கொசு வந்துவிடுகிறது. சில வேளை பாம்பும் வந்துவிடுகிறது.

நம் முன்னோர்களுக்கு இது தெரியும். தமிழ்நாட்டில் போகி அன்று வீட்டைச் சுத்தம் செய்கிறார்கள். கேரளத்தில் கர்க்கடக மாதம் பிறப்பதற்கு முன்பு சுத்தம் செய்வது வழக்கம். மூதேவி வெளியே, சீதேவி உள்ளே என்பது அதன் கருத்து. கர்க்கடகம் என்பது நம் ஆடி மாதம். அடைமழைக் காலம். மழையில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போது குப்பையும் கூடவே கிடந்தால் நோய் வரும். அதனால்தான் மழை மாதத்தின் வாசலில் அந்தச் சடங்கை வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் வெளியே எறிந்தது ஓலை, மண்சட்டி, கந்தல் துணி. எறிந்தால் மண்ணோடு மண்ணாகும். இன்று எறிவது அப்படியல்ல. பிளாஸ்டிக், பேட்டரி, மாத்திரை அட்டை, ரப்பர்ச் செருப்பு. இவை மண்ணாகாது. எங்கோ போய்க் கிடக்கும். எங்கே?

திருவனந்தபுரம் நகரத்துக்கு இந்தக் கேள்வி ஒரு முறை நேராக வந்தது.

நகரத்துக் குப்பை எல்லாம் விளப்பில்சாலை என்ற ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. அது நகருக்கு வெளியே உள்ள சிற்றூர். 2000-ஆம் ஆண்டு அங்கே குப்பை ஆலை தொடங்கியது. நாள்தோறும் லாரி லாரியாகக் குப்பை போனது. நகரத்து வீடுகள் சுத்தமாயின. விளப்பில்சாலை நாறியது. குப்பையிலிருந்து வடிந்த கறுப்பு நீர் ஓடையில் கலந்தது. கிணற்று நீர் கெட்டது என்று மக்கள் புகார் சொன்னார்கள். பல ஆண்டுகள் போராடினார்கள். 2011 டிசம்பரில் விளப்பில் பஞ்சாயத்து அந்த ஆலையை மூடியது. 2012-இல் ஆலையைத் திறக்கக் காவல்துறையோடு வந்தார்கள். ஊர்மக்கள் சாலையில் நின்று தடுத்தார்கள். ஆலை திறக்கவில்லை.

அப்போதுதான் நகரத்துக்குப் புரிந்தது. என் வீட்டுக் குப்பை இன்னொருவர் வீட்டு வாசலில் கிடக்கிறது என்பது. அதற்குப் பிறகு சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்கும் குழாய்களும் வாளிகளும் வந்தன. பாதி வீடுகள் அவற்றைப் பயன்படுத்தின, பாதி வீடுகள் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தன என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

எல்லாரும் திருந்திவிடவில்லை. நகரின் நடுவே ஆமையிழஞ்சான் ஓடை ஓடுகிறது. தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில், இருண்ட சுரங்கம் வழியாக அது போகிறது. 2024 ஜூலை 13. அந்த ஓடையில் அடைத்துக் கிடந்த குப்பையை எடுக்க ஒரு தொழிலாளி இறங்கினார். மழை பெய்தது. தண்ணீர் திடீரென்று ஏறியது. அவரை இழுத்துக்கொண்டு போனது. தீயணைப்புப் படையினர் தேடினார்கள். கடற்படையிலிருந்து முக்குளிப்போர் வந்தார்கள். ரோபோ இயந்திரத்தையும் இறக்கினார்கள். சுரங்கத்துக்குள் மலைபோலப் பிளாஸ்டிக். உள்ளே போகவே முடியவில்லை. மூன்றாம் நாள் அவருடைய உடல் கிடைத்தது.

அந்தப் பிளாஸ்டிக் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழவில்லை. கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வந்தது. 'வீட்டைச் சுத்தம் செய்தேன்' என்று யாரோ கட்டிப் போட்ட மூட்டைகளும் அதில் இருக்கும்.

ஆகவே, பொருளை வாசலுக்கு வெளியே தள்ளுவதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு பொருளும் எங்கே போகும் என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். இதைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். செய்து பார்த்தால் அவ்வளவு கடினமில்லை.

எங்கே தொடங்குவது?

முதலில் வீட்டுக்கு வெளியே தொடங்கலாம். கொல்லைப்புறம், கூரை ஓரம், மாடிப்படிக்குக் கீழ். ஏனென்றால் ஆபத்து அங்கேதான் முதலில் இருக்கிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. தெளிந்த தண்ணீரில் முட்டையிடும். தேங்காய்ச் சிரட்டையில் தேங்கிய ஒரு கை மழைநீர் அதற்குப் போதும். பழைய டயர், உடைந்த வாளி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு எல்லாம் அதற்கு வீடு. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். அதனால்தான் கேரளத்தில் வாரம் ஒரு நாளை 'உலர் நாள்' என்று வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில். சனிக்கிழமை அலுவலகத்தில். ஞாயிற்றுக்கிழமை வீட்டில். அன்று தேங்கிய தண்ணீரை எல்லாம் கொட்டிவிட வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் பட்டால் பொரிந்துவிடும்.

விறகுக் குவியல், ஓட்டுக் குவியல் இருந்தால் எலி தங்கும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் புண்ணுள்ள காலை வைத்தால் எலிக் காய்ச்சல் வரலாம். ஆகவே கொல்லையைச் சுத்தம் செய்யும்போது காலுக்குச் செருப்போ, முடிந்தால் ரப்பர் பூட்ஸோ போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு வீட்டுக்குள் வரலாம். ஒரே நாளில் முழு வீட்டையும் புரட்ட வேண்டாம். அப்படிப் புரட்டியவர்கள் மாலையில் சோறு வடிக்கக்கூட இடமில்லாமல், எல்லாவற்றையும் மறுபடி பரணிலேயே திணித்து வைப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு பலகை. அல்லது ஒரு பெட்டி. அவ்வளவு போதும்.

பெட்டியைத் தரையில் கொட்டுங்கள். பக்கத்தில் மூன்று சாக்கு வையுங்கள். ஒன்று, வைத்துக்கொள்ள. ஒன்று, பிறருக்குக் கொடுக்க. ஒன்று, கழிக்க. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரு கேள்வி கேளுங்கள். போன ஓணத்துக்குப் பிறகு இதை ஒரு முறையாவது எடுத்தோமா? எடுக்கவில்லை என்றால் அது நம் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். மாமியாரின் வெண்கலப் பானையை மாமியாரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கணவரின் பழைய சைக்கிளும் அப்படித்தான். பிள்ளையின் உடைந்த பொம்மையும் அப்படித்தான். பொருள் போனால் வீட்டில் இடம் கிடைக்கும். மனம் உடைந்தால் அந்த இடத்தில் யார் சந்தோஷமாக உட்காருவார்கள்?

சமையலறைக்கு வழிகாட்ட வேறு யாரும் வேண்டாம். அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கடுகுக்கு ஓர் அறை. மிளகுக்கு ஓர் அறை. விளக்கு இல்லாத இரவிலும் கை நேராகச் சீரகத்துக்குப் போகும். ஏன்? அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. சாவிக்கு, கத்தரிக்கோலுக்கு, டார்ச் விளக்குக்கு, மண்ணெண்ணெய்க்கு இப்படி இடம் வைத்த வீடு எத்தனை? இப்போது எழுதத் தெரியும் அல்லவா? டப்பாவின் மேல் பெயர் எழுதி ஒட்டலாம். சோப்புத் தூளுக்கும் பூச்சி மருந்துக்கும் கட்டாயம் எழுதி ஒட்ட வேண்டும். அவற்றைச் சமையல் பொருளோடு வைக்கவே கூடாது.

இனித் தகரப் பெட்டி. அந்தக் காகிதங்கள்.

எழுத்துத் தெரியாத நாளில் எல்லாக் காகிதமும் ஒன்றுதான். எது முக்கியம் என்று தெரியாது. பயந்து எல்லாவற்றையும் சேர்த்து வைப்போம். இல்லாவிட்டால் தவறிப்போய் முக்கியமானதை அடுப்பில் போடுவோம். இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கலாம். நிலப் பத்திரம், நில வரி ரசீது, வீட்டு வரி ரசீது, ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை. இவற்றை ஒரே பையில் போடுங்கள். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, உயரமான இடத்தில் வையுங்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களில் பலருக்கு ரேஷன் அட்டையும் பத்திரமும் சான்றிதழும் இல்லாமல் போயின. அரசு ஊர் ஊராக அதாலத்து நடத்தி நகல் கொடுத்தது. எல்லாம் ஒரே பையில் இருந்தால், ஓடும்போது அந்த ஒரு பையை எடுத்தால் போதும்.

மற்றக் காகிதம்? பணம் கட்டிய மின்கட்டண ரசீது ஓராண்டுக்கு இருந்தால் போதும். கல்யாணப் பத்திரிகைகள், பழைய நாள்காட்டிகள் போகலாம். ஆனால் படித்துப் பார்க்காமல் ஒரு காகிதத்தையும் கழிக்க வேண்டாம்.

படிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. மாத்திரை அட்டை. எல்லா வீட்டிலும் ஒரு டப்பா நிறைய மாத்திரை இருக்கும். யாருக்கோ, எந்தக் காய்ச்சலுக்கோ வாங்கியவை. அட்டையின் ஓரத்தில் ஆங்கிலத்தில் 'எக்ஸ்பி' என்று சிறிதாக இருக்கும். பக்கத்தில் மாதமும் ஆண்டும் இருக்கும். அந்த மாதம் தாண்டினால் அந்த மருந்தைச் சாப்பிடக் கூடாது. எண் படிக்கத் தெரிந்தாலே இதைக் கண்டுபிடிக்கலாம். பழைய மாத்திரையைச் சாக்கடையிலும் கிணற்றோரத்திலும் கொட்டாதீர்கள். கிருமியைக் கொல்லும் மருந்து தண்ணீரில் கலந்தால், கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு உண்மையிலேயே நோய் வரும்போது மருந்து வேலை செய்யாது. கோழிக்கோட்டில் 2025-இல் பழைய மருந்தைத் தனியாகச் சேகரிக்கும் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கினார்கள். உங்கள் ஊரில் என்ன ஏற்பாடு என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கொடுக்கும் சாக்குக்கு வருவோம். கிழிந்ததைக் கொடுப்பது கொடையல்ல. துவைத்து, பொத்தான் தைத்துக் கொடுங்கள். திருவனந்தபுரத்தில் ஆற்றுக்கால் பொங்கல் அன்று பெண்கள் சாலையெங்கும் செங்கல் வைத்து அடுப்பு மூட்டுகிறார்கள். லட்சக்கணக்கான அடுப்பு. மாலையில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். செங்கல் கிடக்கும். அவற்றை மாநகராட்சி சேகரித்து ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது. ஒருவருக்கு ஒரு நாள் அடுப்பு, இன்னொருவருக்கு வீட்டுச் சுவர்.

இரும்பு, பித்தளை, செய்தித்தாள் எல்லாம் பழைய சாமான் கடைக்குப் போகட்டும். ஆக்ரிக் கடை என்று அங்கே சொல்வார்கள். அந்த ஒடிந்த குடையைக் குடை ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள். அவர் கைவிரித்தால் மட்டும் கழியுங்கள்.

மிஞ்சியது கழிக்கும் சாக்கு. அதைக் கொளுத்தலாமா? கூடாது. பிளாஸ்டிக் எரியும் புகை நஞ்சு. அது முதலில் நம் வீட்டுக் குழந்தையின் மூச்சில்தான் போகும். போகிக்கும் இது பொருந்தும்.

2016 டிசம்பரில் கேரளத்தில் ஹரித கேரளம் என்ற திட்டம் தொடங்கியது. இப்போது ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக வருகிறார்கள். பச்சைச் சீருடை போட்டிருப்பார்கள். ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு, மட்காத பொருள்களை எடுத்துப் போகிறார்கள். சிலர் அந்தக் கட்டணத்துக்கு முகம் சுளிக்கிறார்கள். ஒரு தேநீர்க் கடையில் மாதம் எவ்வளவு செலவு என்று அவர்கள் கணக்குப் பார்க்கலாம்.

அந்தப் பெண்கள் கேட்பது ஒன்றுதான். கழுவிக் காயவைத்துக் கொடுங்கள் என்கிறார்கள். பால் உறையைக் கழுவாமல் போட்டால் இரண்டு நாளில் புழு வைக்கும். மொத்தச் சாக்கும் கெடும். அதைக் கையால் பிரிப்பவர் அவர்கள். கழுவிய பிளாஸ்டிக் மறுபடி பொருளாகும். மறுபொருளாக்க முடியாததைத் தூளாக்கித் தாரோடு கலந்து சாலை போடுகிறார்கள். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சேனையிடம் ஓர் அட்டவணை உண்டு. பிளாஸ்டிக்கை மாதந்தோறும் எடுப்பார்கள். மற்றவற்றுக்கு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு மாதம் பழைய துணி. ஒரு மாதம் செருப்பும் பையும். ஒரு மாதம் கண்ணாடி. ஒரு மாதம் பேட்டரி, பல்பு, கெட்டுப்போன மின்சாமான்கள். ஊருக்கு ஊர் மாதம் மாறும். அந்த அட்டவணையை வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். துணி மாதத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அந்த மாதம் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு துணிப் பெட்டியைத் திறந்தால் போதும். மின்சாமான் மாதம் எப்போது என்று பாருங்கள். அன்று அந்த ஓடாத மின்விசிறி பரணிலிருந்து இறங்கட்டும்.