ஓய்வுக் காலத்துச் செலவுக் கணக்கு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



அநுபவம் நிறைந்த உங்கள் முன்னிலையில் முதுமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இருபது வயதைச் சற்றே கடந்த எங்களுக்கு முதுமையைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். நினைப்பது நியாயமே. ஆயினும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கணக்கு எங்களைச் சும்மா இருக்கவிடவில்லை. குற்றம் இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம்.

சென்ற விடுமுறையிலே நுவரெலியாச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது, வயது முதிர்ந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியர் எங்களிடம் பேச்சுக் கொடுத்தனர். தம் நாட்டிலே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். இங்கே ஒரு வீடு எடுத்துக் கடைசிக் காலத்தைக் கழிக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். "இரண்டு பேர் இங்கே சீவிக்க மாதம் எவ்வளவு செல்லும்?" என்று கேட்டார்கள். மிஷன் பாடசாலையிலே படித்த ஆங்கிலம் அன்றைக்குக் கைகொடுத்தது. தெரிந்ததைச் சொன்னோம்.

இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. நம் பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே சார்ள்ஸ் ஹே கமரன் என்பவரும் அவர் மனைவி ஜூலியா மார்கரட் கமரனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றியமைத்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவிலே இருந்தவர் அவர். டார்வின், டெனிசன் முதலிய பெரியாரைப் புகைப்படமெடுத்துப் புகழ்பெற்றவர் அம்மையார். 1875ஆம் ஆண்டிலே, அவருக்கு 80 வயது, அம்மையாருக்கு 60 வயது, இருவரும் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வந்து குடியேறினார்கள். ஏன் வந்தார்கள்? இங்கே அவர்களுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன, பிள்ளைகளும் இருந்தார்கள். 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி நலிய, கையில் பணம் சுருங்கியது. இங்கிலாந்திலே இருப்பதைவிட இங்கே குறைந்த செலவிலே சீவிக்கலாம் என்பதும் ஒரு காரணம். 1879இல் டிக்கோயாவைச் சேர்ந்த கிளங்கன் தோட்டத்திலே அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் போய்ச் சேர்ந்தார். 2017ஆம் ஆண்டு மே மாதத்திலே இந்திய உதவியோடு கட்டித் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலையை நாம் கிளங்கன் ஆஸ்பத்திரி என்று சொல்வது அந்தத் தோட்டத்தின் பெயராலேதான்.

இனி இன்றைய செலவுக்கு வருவோம். 55 வயதைக் கடந்த வெளிநாட்டார் இங்கு வந்து தங்குவதற்கு இலங்கை அரசு 'மை ட்ரீம் ஹோம்' என்றொரு விசாத் திட்டத்தை வகுத்தது. அதன்படி 15,000 டொலர் வங்கியில் வைப்பிலிட வேண்டும். அன்றியும், மாதந்தோறும் தமக்கு 1,500 டொலரும் வாழ்க்கைத் துணைக்கு 750 டொலரும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தினாலே வெளிநாட்டார் காணியை விலைக்கு வாங்குவதற்குத் தடை உண்டு. ஆகவே பெரும்பாலோர் குத்தகைக்கோ வாடகைக்கோதான் வீடு எடுக்க வேண்டும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. கொழும்பிலே மின்விசிறிக்கும் குளிரூட்டிக்கும் போகிற காசு இங்கே மிச்சம். ஆனால் கம்பளி, விறகு, கணப்பு, பனியில் ஊறிய சுவருக்குப் பூச்சு என்று வேறு செலவு வந்து நிற்கும். கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு எல்லாம் பக்கத்திலே விளைகின்றன. அம்பேவலைப் பால் கிடைக்கிறது. அரிசியும் தேங்காயும் மீனும் கீழ்நாட்டிலிருந்து ஏறி வரவேண்டும். சீஸும் வைனும் கேட்டாலோ, கப்பலில் வந்து வரி கட்டிய விலை. தனியார் வைத்தியத்திலே பெரிய சிகிச்சை வேண்டுமானால் கண்டிக்கோ கொழும்புக்கோ போகவேண்டும். சமையலுக்கும் தோட்டத்துக்கும் ஆள் வைப்பது மட்டும் அவர்களுக்கு மிக மலிவு.

இவ்வளவையும் அந்தத் தம்பதியரிடம் சொன்னோம். "அப்படியானால் எங்கள் பென்ஷனில் வசதியாகவே இருக்கலாம்" என்று மகிழ்ந்தார்கள். நல்ல மனிதர்கள், அவர்கள்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஹற்றனுக்குத் திரும்பும் பஸ்ஸிலே அதே கேள்வியை எங்கள் அப்பாயிக்காகக் கேட்டுப் பார்த்தோம். அங்கேதான் கணக்கு உதைத்தது.

சபையோர்களே! 2024ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதையே எடுத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 33,750 ரூபா. டொலரை 300 ரூபா என்று வைத்தால், விசாவுக்காக அந்த இருவரும் மாதம் தருவிக்க வேண்டிய 2,250 டொலர் 6,75,000 ரூபா ஆகிறது. இருபது தொழிலாளரின் ஒரு மாதச் சம்பளம் அது!

ஓய்வு பெறுகையில் நமக்கு என்ன கிடைக்கிறது? 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் 14 நாட் சம்பளம் சேவைக்காலப் பணமாக உண்டு. 30 ஆண்டு கொழுந்து பறித்தவருக்கு 420 நாட் சம்பளம். 1,350 ரூபாப்படி 5,67,000 ரூபா. முப்பது ஆண்டுச் சேவைக்குக் கிடைப்பது அந்தத் தம்பதியரின் ஒரு மாதப் பணத்துக்கும் குறைவு.

இதைத் தவிர 1958ஆம் ஆண்டின் சட்டத்தினால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. தொழிலாளி நூற்றுக்கு 8, தோட்டம் 12 கட்டவேண்டும். 1980இல் வந்த நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் நூற்றுக்கு 3 கட்டவேண்டும். ஆனால் இவை எல்லாம் மொத்தமாக ஒரு தடவை வருகிற பணம். மாதா மாதம் வருகிற பென்ஷன் அல்ல. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். எடுத்த பிறகு இருபது, இருபத்தைந்து வருஷம் சீவிக்க வேண்டாமா?

அந்தப் பணம் எங்கே போகிறது? வெளியாரைக் குறை சொல்லுமுன் நம் வீட்டைப் பார்ப்போம். எங்கள் அப்பாயி முப்பத்திரண்டு வருஷம் மலையேறிக் கொழுந்தெடுத்தவர். அவருடைய சேமலாபப் பணத்திலே ஒரு பங்கு அத்தையின் கலியாணத்துக்குப் போயிற்று. ஒரு பங்கு அடகு நகையை மீட்கப் போயிற்று. மிச்சம் நாங்கள் உயர்தர வகுப்புப் படிக்கையிலே டியூஷனுக்கும் பஸ்ஸுக்கும் போயிற்று. இன்று பல்கலைக்கழக மாணவர் என்று இந்த மேடையிலே நிற்கிறோம். அப்பாயியோ வெற்றிலை பாக்குக்கும் இருமல் மருந்துக்கும் மகனிடம் காசு கேட்கக் கூச்சப்பட்டு, லயத்துக் காம்பராவின் வாசலிலே உட்கார்ந்திருக்கிறார். அவர் ஒரு நாளும் எங்களைக் கணக்குக் கேட்டதில்லை. அதனாலேதான் நாங்களாகவே கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எனவே மூன்று காரியங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். முதலாவது, வேலையிலிருக்கும் ஒவ்வொருவருடைய சேமலாபப் பதிவையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 'இராமாயி' என்பது ஒன்றிலே ஒருவிதமாகவும் மற்றதிலே வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தால், ஓய்வு பெற்ற பிறகு அலைவதைவிட இப்பொழுதே திருத்துவது நன்று. படித்த பிள்ளைகள் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். இரண்டாவது, சேவைக்காலப் பணத்தை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். தாமதமானால் தொழில் திணைக்களத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை நாம் எழுதிக் கொடுப்போம். மூன்றாவது நம் வீட்டுக் காரியம். பெரியவர்களின் பணத்திலே ஒரு பங்கையாவது அவர்கள் பெயரிலே வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டு, மாத வட்டி அவர்கள் கையிலேயே சேரும்படி செய்வோம். அந்தப் புத்தகம் பெட்டியிலே இருக்கட்டும். சாவி அவர்கள் முந்தானையிலே இருக்கட்டும்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பேரன் மோட்டார் சைக்கிள் கேட்டால், "இல்லையடா" என்று சொல்லப் பழகுங்கள். எங்களுக்குக் கோபம் வரும். இரண்டு நாளிலே தணிந்துவிடும்.

அந்நியர் வரட்டும், இம்மலையின் குளிரும் காற்றும் எவர்க்கும் சொந்தமல்ல. ஆனால் இந்த மலையைப் பசுமையாக்கியவர்களும் இங்கே கைக்காசோடு முதுமையைக் கழிக்க வேண்டும். அதற்கு அரசும் தோட்டமும் செய்ய வேண்டியவை பல. நாம் செய்யக்கூடியதை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். அடையாள அட்டையையும் சேமலாபப் பதிவையும் எடுத்துக்கொண்டு சங்க மண்டபத்துக்கு வாருங்கள். நாங்கள் பேனாவோடு காத்திருப்போம்.