குறிஞ்சியாண்டவர் ஆலயம் எடுப்பித்த அம்மையார்



ஈழத்துச் சர் பொன்னம்பலம் இராமநாதனையும், அவர் தம்பியார் அருணாசலத்தையும், தாய்மாமனாராகிய சர் முத்துக்குமாரசுவாமியையும், அம்மாமனாரின் புதல்வராய்ப் பிறந்து கலையுலகுக்கே ஆசானாய் விளங்கிய ஆனந்த குமாரசுவாமியையும் பற்றித் தமிழ் மேடைகளில் எவ்வளவோ பேசியாயிற்று. அந்தக் குடும்பத்து ஆடவர்களுக்குப் புகழ்மாலை சூட்டுவதில் நாம் ஒருபோதும் குறை வைத்ததில்லை. ஆகவே இன்று, அக்குடும்பத்திலே மருமகளாய்ப் புகுந்து, தலைவியாய் நிலைத்து, நம்முடைய இந்தக் கொடைக்கானல் மலையிலே முருகப்பெருமானுக்கு ஓர் ஆலயமும் எடுப்பித்த லீலாவதி இராமநாதன் அம்மையாரைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல உத்தேசித்திருக்கிறேன்.

அம்மையார் பிறந்தது ஆஸ்திரேலியாவில். பிறந்த குலத்துப் பெயர் ஹாரிஸன். அவர் வாழ்வை அறிய விரும்புகிறவர்கள் முதலில் காண வேண்டியது, 1898-ஆம் ஆண்டு லண்டனில் அச்சாகி வெளிவந்த ஒரு நூலின் முகப்புப் பக்கத்தை. மத்தேயு எழுதிய சுவிசேஷத்துக்குச் சைவ ஞானியின் அநுபவ நோக்கிலே உரை சொல்லும் அந்நூலில், உரைத்தவர் பெயர் ஸ்ரீ பரானந்தர் என்று இருக்கிறது. அது இராமநாதனே தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர். அதனோடு, இன்னாருக்கு உரைக்கப்பட்டது என்று கேட்டவர் பெயரும் அச்சிடப்பட்டிருக்கிறது: ஆர். எல். ஹாரிஸன். இரண்டு முன்னெழுத்துகளும் ஒரு குலப்பெயரும். ஆணா பெண்ணா என்று வாசகருக்குத் தெரிய வழியில்லை. உபதேசம் செய்தவரை உலகம் அறியும். கேட்டு, ஐயம் எழுப்பி, விளக்கம் பெற்று, அதனை நூலாக்கித் தந்தவர் ஓர் இளம் பெண் என்பதை அந்த முகப்பு மறைத்துவிட்டது. 1902-இல் யோவான் சுவிசேஷத்துக்கு வந்த உரையையும் பதிப்பித்தவர் அவரே. கிறிஸ்தவ சமூகத்தில் வளர்ந்த ஒருவர், தம்முடைய வேதத்தின் பொருளைக் கீழ்த்திசை ஞானி ஒருவரிடம் போய்க் கேட்டார் என்றால், அந்தக் காலத்திலே அதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1905, 1906-ஆம் ஆண்டுகளில் இராமநாதன் அமெரிக்கா சென்று ஆத்மவித்தையைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்தார் அல்லவா? அந்த யாத்திரையின் சரித்திரத்தை 1907-இல் புத்தகமாக வெளியிட்டவரும் இந்த ஹாரிஸன் அம்மையார்தாம். மேனாட்டின் காட்சிகளைக் கீழ்நாட்டு மாணவர்களுக்கு எடுத்துக்காட்டுவது என்று அந்நூலுக்கு நோக்கம் வகுத்துக்கொண்டார். நம் நாட்டைத் தம்மவர்க்கு வேடிக்கை காட்டி எழுதிய மேனாட்டார் பலர். தம் நாட்டாரை நம் பிள்ளைகளுக்கு விளக்கிக் காட்ட முற்பட்ட மேனாட்டார் மிகச் சிலர்.

பின்னர் அவர் இராமநாதனை மணந்து, லீலாவதி என்னும் பெயர் பூண்டு, சைவ இல்லறத்தில் புகுந்தார். மேனாட்டு மருமகள் அக்குடும்பத்துக்குப் புதியவர் அல்லர். முத்துக்குமாரசுவாமி மணந்த எலிசபெத் அம்மையார் ஓர் ஆங்கில மாது. கணவர் 1879-இல் காலமானபோது, இரண்டு வயதும் நிரம்பாத குழந்தை ஆனந்தனை வளர்க்கத் தம் தாய்நாட்டிலேயே தங்கிவிட்டார். அது குற்றம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆனால் அதே பாதை லீலாவதி அம்மையாருக்கும் ஒருநாள் திறந்தே இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்தருகே, சைவப் பெண்மக்களுக்கென 1913-இல் இராமநாதன் கல்லூரி எழுந்தது. அதன் முதல் தலைமையாசிரியையாக 1912-லேயே இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு வந்தவர் புளோரன்ஸ் பார். லண்டன் நாடக மேடைகளில் நடித்துப் பெயரெடுத்தவர். பெர்னாட் ஷாவுக்கும் கவிஞர் யேட்ஸுக்கும் நெருங்கிய நண்பர். அவர் பனங்காட்டு நாட்டுக்கு வந்து, பாவாடை கட்டிய சிறுமிகளுக்குக் கல்வி புகட்டி, 1917-இல் கொழும்பிலே உயிர் துறந்தார். இது தனியே ஒரு மேடைக்குரிய கதை. இன்று அதற்குள் புகுந்தால் தலைவர் மணியடித்துவிடுவார். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது அக்கல்லூரிக்கும் எழுந்தருளி மாணவிகளிடையே பேசினார். விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தாயாய் அங்கே இருந்தவர் லீலாவதி அம்மையார்.

1930 நவம்பரில் இராமநாதன் சிவபதம் எய்தினார். கணவர் மறைந்தார், சுற்றமோ வேறு மொழி பேசுவது, சுதந்தரம் என்று எண்ணியிருந்தால் அடுத்த கப்பலில் ஏறியிருக்கலாம். அம்மையார் ஏறவில்லை. கல்லூரிகளின் பொறுப்பையும், மகள் சிவகாமசுந்தரியோடு கூடிய குடும்பத்தின் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு தமிழர் நடுவிலேயே இருந்துவிட்டார். கடல் கடந்து வருவதற்கு வேண்டிய துணிவை நாம் எல்லோரும் வியக்கிறோம். என்னைக் கேட்டால், வந்த இடத்தில் துணையை இழந்த பின்னும் மனங்கலங்காது ஆண்டுக்கணக்கில் ஊன்றி நிற்பதற்கு வேண்டிய துணிவு அதனினும் பெரிது. சாகசம் என்னும் சொல்லுக்கு உரியதும் அதுவே என்பேன். அந்த மகளை மணந்தவர்தாம் தமிழகத்திலிருந்து சென்று பரமேசுவரக் கல்லூரியின் தலைவராய் விளங்கிய சு. நடேசபிள்ளை, 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியிலே செல்வநாயகத்தையே வென்றவர். ஹாரிஸன் என்னும் இளம் பெண் ஒரு மகானிடம் கேள்வி கேட்க வந்த கதை, இப்படி ஈழத்து அரசியல் வரைக்கும் கிளை விட்டது.

இனி நம் மலைக்கு வருவோம். கணவர் மறைந்த ஆறாம் ஆண்டில், 1936-இல், குறிஞ்சியாண்டவர் ஆலயத்தை அம்மையார் எழுப்பினார். அப்போதைய கொடைக்கானல் எப்படிப்பட்டது? 1845 முதல் அமெரிக்கப் பாதிரிமார் வீடு கட்டிக் குடியேறிய ஊர். மாதா கோயில்களும், துரைமார் பங்களாக்களும், 1863-இல் லெவிஞ்சு துரை அணைகட்டி உண்டாக்கிய ஏரியில் படகுக் குழாமும் விளங்கிய ஊர். அவ்வூரிலே, அதே வெள்ளை நிறத்தவரான ஓர் அம்மையார், குறிஞ்சி நிலத்துத் தெய்வத்தைக் குறிஞ்சியிலேயே எழுந்தருளச் செய்ய வேண்டுமென்று சங்கற்பம் செய்துகொண்டது எத்தனை பொருத்தம்! பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சி 1934-இல்தான் மலையெங்கும் நீலம் போர்த்தியிருந்தது. அம்மையார் அதனைக் கண்டாரோ என்று கேட்டால், கண்டார் என்றே என் மனம் சொல்கிறது, சரித்திரக்காரர்கள் மன்னிக்க.

செட்டியார் பூங்காவைத் தாண்டிப் போனால் வரும் கோயில் அது. கோபுரப் பிரமாண்டம் ஒன்றும் இல்லை. பின்புறம் சென்று நின்றால், மேகம் விலகிய நேரத்தில், கீழே பழநிமலை தெரியும். வைகை அணையின் நீர்ப்பரப்பும் தெரியும். இன்று பழநித் தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் பூசை குறைவின்றி நடக்கிறது. வாயிலில் மலைப்பூண்டு விற்கும் தாய்மாரிடம் இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டேன். “ஒரு வெள்ளைக்கார அம்மா கட்டினாங்க சாமி” என்றார் ஒருவர். அவரை நான் குறை சொல்லேன். ஆனால் படித்தவர்கள் எழுதும் சுற்றுலாக் கையேடுகளும் ‘ஓர் ஐரோப்பிய மாது’ என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனவே, அதற்கு என்ன சமாதானம்? இரண்டு சுவிசேஷ உரைகளுக்குக் காரணமாயிருந்தவர், ஒரு யாத்திரை நூலின் ஆசிரியர், யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியின் தாய், இவ்வளவு பேரும் ‘ஒரு மாது’ என்ற சொல்லுக்குள்ளே அடங்கிவிட்டார்கள்.

2018-இல் பூத்த குறிஞ்சி, கணக்குப்படி மறுபடியும் 2030-இல் பூக்கும். அப்போது பல்லாயிரவர் இம்மலைக்கு வருவார்கள். அதற்கு முன்பாகவே அம்மையாரின் முழுப் பெயரையும், பிறந்த நாட்டையும், இராமநாதன் கல்லூரியையும், அவர் எழுதிய நூலையும் குறித்து ஆலய வாயிலில் ஒரு கல்வெட்டு நாட்ட வேண்டுமென்று தேவஸ்தானத்தாருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதி வைத்திருக்கிறோம். அது வாசலருகே மேசைமேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அன்பர்கள் ஒவ்வொருவரும் கையொப்பமிட்டுச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.