ஒய்-20: விமானம் சொந்தம், எஞ்சின் இரவல்

இன்னைக்கு சீனாவோட ஒய்-20 ராணுவப் போக்குவரத்து விமானத்தைப் பத்திப் பேசலாம்.

2005-ல் ரஷ்யாவிடம் 38 விமானங்கள் வாங்க சீனா ஒப்பந்தம் போட்டது. அது நிறைவேறல. சொந்தமா கட்டின ஒய்-20, 2013 ஜனவரியில் முதல்முறை பறந்தது. 2016-ல் விமானப்படையில் சேர்ந்தது. டாங்கியையே தூக்கிட்டுப் போகும். ஆனா இறக்கைக்குக் கீழே இருந்த நாலு எஞ்சினும் ரஷ்யாவோட டி-30.

சீனாவிடம் இருக்கிற இல்-76-க்கும், எச்-6கே குண்டுவீச்சு விமானத்துக்கும் இதே எஞ்சின்தான். ஆக, ஒரே கடையில வாங்குற சரக்கை மூணு வீடு பங்கு போடணும். பத்து ஒய்-20 கட்டணும்னா நாற்பது எஞ்சின் வேணும், உதிரி தனி. உடம்பு எவ்வளவு சீக்கிரம் தயாரானாலும், எஞ்சின் வந்தாத்தான் பறக்கும்.

விமானத்தையே செய்யுறவங்களுக்கு எஞ்சின் ஏன் இவ்வளவு கஷ்டம்? உள்ளே சுழலுற டர்பைன் பிளேடைப் பாருங்க. அதன்மேல் மோதுற வாயுவோட வெப்பம், அந்த உலோகமே உருகுற அளவைத் தாண்டிடும். பிளேடுக்குள்ள நுண்ணிய துளைகள் போட்டு, காற்றை ஓடவிட்டுத்தான் அதைக் காப்பாத்துறாங்க. அப்படி ஒன்னு செஞ்சு காட்டிடலாம். ஆயிரக்கணக்கான மணிநேரம் தாங்குற மாதிரி, ஒரே தரத்தில் வரிசையா செய்யுறதுதான் சிரமம்.

இப்போ சொந்த டபிள்யூஎஸ்-20 எஞ்சினோட ஒய்-20பி வந்துடுச்சு. விசிறி பெரிசு, உந்துவிசை கூட, எரிபொருள் செலவு கம்மி. ஆனா முதல் பறப்பிலிருந்து இதுக்கு ஏறக்குறைய பத்து வருஷம் ஆச்சு. நடுவுல ரஷ்யா கையை விரிச்சிருந்தா, புது விமானங்கள் தொழிற்சாலை வாசலைத் தாண்டியிருக்காது.