மேசைமேல் விக்கிரவாண்டிப் போர்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்குப் பேருந்தில் செல்லும் மாணவர்கள் விக்கிரவாண்டியைச் சுங்கச் சாவடி உள்ள ஊர் என்ற அளவிலேயே அறிவர். 1752-ஆம் ஆண்டில் அவ்வூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரு போர் புரிந்தனர். அதில் தோற்றவர் ஆங்கிலேயர். தளபதி லாரன்ஸ் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், சென்னை ஆளுநர் சாண்டர்ஸ் செஞ்சியைப் பிடிக்க ஒரு படையை அனுப்பினார். ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்திருந்த மேஜர் கின்னீர் அதற்குத் தலைமை தாங்கினார். வழியில் விழுப்புரத்துக் கோட்டை எதிர்ப்பின்றிப் பணிந்தது. செஞ்சியை நேரில் கண்ட பின்னரே, அந்தச் சிறு படையால் ஆகக்கூடிய செயல் அன்று அது என்பது புலனாயிற்று. அதன்பின் விக்கிரவாண்டியில் கெர்ஜான் தலைமையில் நின்ற பிரெஞ்சுப் படையைத் தாக்கிய கின்னீர் காயமுற்றார். அவர் படை பின்வாங்கியது.

இந்தப் போரை ஒரு மேசையின்மேல் சிறு பொம்மைகளைக் கொண்டு மீண்டும் நடத்திப் பார்க்கலாமா? பார்க்கலாம். மேனாடுகளில் இது நெடுநாளாக வழங்கிவரும் ஒரு கலை. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1824-ஆம் ஆண்டில் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக இத்தகைய ஆட்டத்தின் விதிகளை வெளியிட்டார். நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலில் அதனைச் சிறுவர் விளையாட்டாக்கினார். ஈயப் பொம்மைகளை நிறுத்தி, வில்சுருள் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியை எய்து அவற்றை வீழ்த்துவது அவர் முறை. அது கேளிக்கைக்கு ஏற்றது. வரலாறு கற்க அது போதாது.

பொம்மைகளைத் தேடுவது எளிது. பண்ருட்டியில் கொலுப் பொம்மை செய்வோர் இருக்கின்றனர். அட்டையை வெட்டி வண்ணம் தீட்டினாலும் போதும். கடினமானது விதிகளைத் தேர்ந்தெடுப்பதே. இக்காலத்தில் விற்பனைக்கு உள்ள விதிநூல்கள் பல. அவற்றுள் எது 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்கு ஏற்றது என்று எப்படி அறிவது?

அந்தக் காலத்துப் போர் முறையை முதலில் அறிதல் வேண்டும். 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியப் படைகள் நெடிய ஈட்டிகளைக் கைவிட்டன. சக்கிமுக்கித் துப்பாக்கியும், அதன் முனையில் செருகிய பயனெட்டும் காலாளின் கருவிகளாயின. வீரர் மூன்று அல்லது நான்கு வரிசைகளாக, தோளோடு தோள் உரச நின்று, கட்டளைக்கேற்ப ஒருசேரச் சுட்டனர். 1704-இல் பிளென்ஹைமில் மார்ல்பரோ வென்றது இத்தகைய போரிலேதான். துப்பாக்கி குறிதவறாமல் சுடும் தொலைவு ஏறத்தாழ 100 கெஜம். பயிற்சி பெற்றவன் நிமிடத்திற்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று முறை சுடுவான்.

இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது. மேசையில் ஓர் அங்குலம் 25 கெஜம் என்றும், ஒரு பொம்மை 20 வீரர் என்றும் கொள்வோம். 600 பேர் கொண்ட ஒரு பட்டாளத்துக்கு 30 பொம்மைகள். மூன்று வரிசையாக நிறுத்தினால் ஏறத்தாழ 5 அங்குல அகலம். துப்பாக்கி எட்டும் தூரம் 4 அங்குலம். அந்த 100 கெஜத்தை அணி குலையாமல் நடந்து கடக்க ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் எதிரி மூன்று, நான்கு முறை சுட்டுவிடுவான். ஆகவே, தாக்குவோர் ஒரே நகர்த்தலில் அந்த வெளியைக் கடந்து மேலே விழலாம் என்று சொல்லும் விதிநூல் இந்தக் காலத்துக்கு உதவாது.

அடுத்தது மனவுறுதி. சதுரங்கத்தில் எந்தக் காயும் அஞ்சி ஓடுவதில்லை. வெட்டுண்டாலன்றிக் களத்தை விட்டு நீங்குவதுமில்லை. மெய்யான போரில் பெரும்பாலோர் சாவதற்கு முன்பே அணி குலைகிறது. திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள வந்தவாசியில், 1760 ஜனவரி 22 அன்று, லாலியின் குதிரைப்படை முன்னேறத் தயங்கியது. வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்து அருகில் நின்றவர்களை வீழ்த்த, மற்றவர் அரணை விட்டு ஓடினர். உடன் வந்த மராட்டியக் குதிரைவீரர் போரில் கலந்துகொள்ளவே இல்லை. இவற்றையெல்லாம் பகடை உருட்டித்தான் மேசையில் காட்ட முடியும். பகடையைச் சூதின் கருவி என்று ஒதுக்குவோர், வெடித்த அந்த வண்டியைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

2009-இல் வெளிவந்த 'பிளாக் பவுடர்' என்னும் நூல் இவ்வகையில் எனக்குப் பிடித்தமானது. கட்டளையை வாய்விட்டுச் சொல்லி இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். தளபதிக்குரிய எண்ணை மீறினால் படை நகராது. ஆனால் மிக நல்ல எண் விழுந்தால் ஒரே முறையில் மூன்று நகர்வுகள் கிட்டும். மேலே விழுவோரை எதிரி ஒரு தடவையே சுடலாம். முன் சொன்ன சோதனையில் அது தவறிவிடுகிறது. 1971-இல் சார்ல்ஸ் கிராண்ட் எழுதிய 'தி வார் கேம்' அச்சோதனையில் தேறும். ஆயினும் ஒரு பட்டாளத்துக்கு ஏறத்தாழ 50 பொம்மைகள் கேட்கும் அந்நூல் மாணவர் கைப்பணத்துக்கு ஏற்றதன்று. ஆகவே பின்னதன் நிதானத்தையும் முன்னதன் கட்டளை முறையையும் சேர்த்து நான் ஆடுகிறேன். ஒரு முறைக்கு ஒரு நகர்வே. விதிநூலைத் திருத்துவது குற்றமன்று; தாயக்கட்டை ஆட்டத்தில் ஊருக்கு ஊர் முறை மாறவில்லையா?

இனி நான் மிக முக்கியமாகக் கருதுவது. மேனாட்டு விதிநூல்களிற் சில, ஐரோப்பியரை முதல்தரம் என்றும் இந்தியரைக் கடைத்தரம் என்றும் பிறப்பைக் கொண்டே மதிப்பிடுகின்றன. 1746-இல் அடையாற்றங்கரையில் பாரடிஸ் ஏறத்தாழ ஆயிரம் பேருடன், மாபூஸ்கானின் பத்தாயிரம் பேரை விரட்டியதை அதற்குச் சான்றாகக் காட்டுவர். அந்த ஆயிரவருள் பெரும்பாலோர் இந்தியரே என்பதை மறந்துவிடுகின்றனர். வென்றது அணியும் பயிற்சியும் விரைந்து சுடும் திறமுமே. விக்கிரவாண்டியிலும் இரு பக்கத்திலும் எண்ணிக்கையில் மிகுந்தவர் சிப்பாய்களே. பிறப்பைக் கொண்டு எண் வழங்கினால், இரு பக்கத்திற்கும் ஒரே எண்தான் வரும். யார் வென்றார், ஏன் வென்றார் என்பதை அது விளக்காது. எனவே பயிற்சிக்கு ஓர் எண், அன்றைய களைப்புக்கு ஓர் எண், நின்ற இடத்திற்கு ஓர் எண் என்று கொடுக்க வேண்டும்.

எல்லாப் போருக்கும் இந்த விதிகள் பொருந்தும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையை ஒரு சிறு படையுடன் எதிர்த்து மாண்ட செஞ்சித் தேசிங்கின் போரும் அதே நூற்றாண்டினதே. ஆனால் அது குதிரையும் வாளும் கலந்த போர். வரிசைத் துப்பாக்கிக்கு வகுத்த விதி அங்கே செல்லாது. அளவில் ஒவ்வாத இரு பக்கங்கள் மோதும் அதற்கு, மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதும் நம் ஆடுபுலி ஆட்டத்திலிருந்து தொடங்குவதே நல்ல வழி.

விக்கிரவாண்டிக்கு நான் வகுத்துள்ள எண்களில் லாரன்சுக்கு 9. ஆனால் அவர் அன்று களத்தில் இல்லை. நாட்டையும் நிலத்தையும் அறியாத கின்னீருக்கு 7. கெர்ஜானுக்கு எந்த எண் கொடுப்பது என்பதில்தான் என்னுடன் ஆடும் மாணவர்களுக்குள் வழக்கு நீடிக்கிறது. விக்கிரவாண்டியில் வென்ற அவரே, சில வாரங்களில் பாகூரில் லாரன்சிடம் தோற்றுச் சிறைப்பட்டார். நான் இப்போதைக்கு 8 என்று எழுதி வைத்திருக்கிறேன்.